முதல்ல பேசுனது யாரு

அந்த ஜன்னல மூடாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. தலைமுடி கலையுதுன்னா இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கோங்க, நான் ஜன்னல் ஓரத்துக்கு வாரேன். காத்து எங்க இருந்து வருதுன்னு தெரியலன்னா எனக்கு இருப்பு கொள்ளாது. கடல்ல பொழச்ச ஒடம்பு. என்னது, ஓடுற பஸ்ல காத்து எப்பவும் முன்னால இருந்துதான் வருமா? படிச்ச பிள்ளை, சரியாத்தான் சொல்லுவீங்க. இருந்தாலும் தெறந்தே இருக்கட்டும்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கல்லு மாதிரி இருக்கேன். எங்க அக்கா புருசன், கஸ்பார்னு பேரு. நாளைக்குக் காலைல அவருக்கு ஆப்பரேசன். தொண்டைல கட்டி. குரல்வளையையே எடுத்துருவாங்களாம், அதுக்கப்புறம் பேச்சு வராதாம். நீங்க ஏன் தம்பி மூஞ்சிய அப்படி வச்சுக்கிடுதீங்க? நான் வருத்தப்படுதேனா பாருங்க. அவரு எங்கிட்ட நேருக்கு நேர் பேசி முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இருந்த குரல வச்சு எனக்கு என்ன செஞ்சு கிழிச்சாரு, போற குரலுக்கு நான் அழுறதுக்கு?

அப்புறம் எதுக்குப் போறேன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. நானே சொல்லுதேன். ஒரே ஒரு வார்த்தை. அவரு வாயால, நாலு பேரு காது கேக்க, 'அன்னைக்கு முதல்ல பேசுனது நான்தான்'னு சொல்லணும். அவ்வளவுதான். நர்சம்மாங்க இருப்பாங்க, அக்கா இருப்பா, சாட்சிக்குப் பஞ்சமில்ல. நாளைக்கு அப்புறம் கேட்டா தலையத்தான் ஆட்டுவாரு. தலையாட்டுறதுல என்ன இருக்கு, மேலயும் கீழயும் ஆட்டுனான்னு ஒருத்தன் சொல்லுவான், குறுக்க ஆட்டுனான்னு இன்னொருத்தன் சொல்லுவான். எழுதிக் காட்டலாமேங்கீங்களா? அவரு எழுத்தைப் படிக்க அவராலயே முடியாது.

இந்தப் பொட்டிய மட்டும் கொஞ்சம் மடில வச்சுக்கோங்க, மேல வச்சா நொறுங்கிரும். மக்ரூன். அவருக்கு இல்ல. நர்சம்மாங்களுக்கு. தூத்துக்குடில இருந்து வெறுங்கையோடயா போறது? அவருக்கு மக்ரூன்னா உசுரு, அது வேற விசயம். வாய்ல வச்சா தானா கரையும், தொண்டை நோவு உள்ளவங்க கூட முழுங்கலாம்னு கடைக்காரன் சொன்னான். நான் கேட்டேன், அதனால சொன்னான்.

அவரு தோணில தண்டல். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு கேப்டன்னு சொன்னாத்தான் புரியும். மோட்டார் இல்லாத காலம், பாய்மரத் தோணி. தூத்துக்குடில வெங்காயம் ஏத்திட்டு கொழும்புக்குப் போவோம், அங்க இருந்து பழைய இரும்போ கொப்பரையோ ஏத்திட்டு வருவோம். நான் சுக்கான் பிடிக்கிறவன். பின்னால சுக்கான்ல நான், முன்னால அவரு, நடுவுல பாயும், அதை ஏத்தி இறக்குற கலாசிகளும். தண்டல் சொல்லுவாரு, சுக்கான்காரன் திருப்புவான். தண்டல் வார்த்தை இல்லாம திருப்பக் கூடாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி அதுக்கெல்லாம் திருப்புறதுக்கு அது என்ன மாட்டுவண்டியா?

சண்டை எதுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க. அக்கா மக பிலோமிக்கு புதுநன்மை. பிள்ளைங்க முதல் தடவையா நற்கருணை வாங்குற நாள், எங்க வேதத்துல அது ஒரு குட்டிக் கல்யாணம். பந்தல் போட்டு, வெள்ளைக் கவுன் தச்சு, ஊரைக் கூட்டி விருந்து வைப்போம். பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு? நான். மாமன் வீட்டு வாசலுக்கு வந்து, நேர்ல நின்னு அழைக்கணுமா வேண்டாமா? இந்த மனுசன் என்ன செஞ்சாரு? எங்க தோணில சமைக்கிற தொம்மைகிட்ட, 'போற வழியில இஞ்ஞாசிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு'ன்னாரு. இஞ்ஞாசி நான்தான். போற வழியில! போற வழியில சொல்லுறதுக்கு நான் என்ன பால்காரனா?

நான் போகல. தாய்மாமன் இல்லாமலே விருந்து நடந்துச்சு. பக்கத்துத் தெருதான, ரேடியோ செட்டு பாட்டெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. பிரியாணி வாசம் கூட வந்துச்சு. பிலோமி வெள்ளைக் கவுனோட எங்க தெருமுக்கு வரைக்கும் வந்து நின்னுட்டுப் போச்சாம். நான் கதவைச் சாத்தியிருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியா பாத்தாத்தான தெரியும்.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். ஆள் விட்டுப் பேசுற மனுசனோட இனிமே ஆள் விட்டுத்தான் பேச்சு. அவரு என்ன, எனக்குக் குறைஞ்சவரா? 'விருந்துக்கு வராத பயகிட்ட எனக்கென்ன பேச்சு'ன்னுட்டாரு. வேற தோணிக்குப் போயிருக்கலாமேங்கீங்களா? ஏன், அவரு போகட்டுமே. நான் பிடிச்ச சுக்கான், என் கைக்குத் தேஞ்ச சுக்கான். அவரும் அதையேதான் சொன்னாரு. தோணி முதலாளிக்கு ஒரே சிரிப்பு. சிரிச்சுட்டு ரெண்டு பேரையும் ஒரே தோணில அனுப்பிட்டாரு. பெரிய மனுசங்க புத்தி பெரிசாத்தான் இருக்கும்.

நடுவுல ஓடுனது யாரு? தொம்மைதான். ஆள் விட்டாருல்ல, அதே ஆளு. அடுப்படி தோணிக்கு நடுவுல, அவனுக்கும் தோதாப் போச்சு. 'தொம்மை, சுக்கான்ல நிக்கிற மகராசன கொஞ்சம் தெக்க பிடிக்கச் சொல்லு'ம்பாரு அவரு. 'தொம்மை, பிடிச்சாச்சு, கண்ணு இருந்தா பாத்துக்கிடச் சொல்லு'ம்பேன் நான். அவன் போயி என்ன சொல்லுவான் தெரியுமா? 'ஆகட்டும் மச்சான்னு சொல்லுதாரு'ம்பான். கறில உப்பு போட மறக்குற பய, எங்க பேச்சுல மட்டும் சீனி அள்ளிப் போட்டான். ஒருநாள் அவரு என்னைய 'தடிமாடு'ன்னதை, 'உங்களுக்கு நல்ல பலம்னு சொல்லுதாரு'ன்னு வந்து சொல்லுதான். எனக்குக் காது இல்லையா? அவரு கத்துனது கொழும்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

மத்த கலாசிங்க என்னைக்கோ கைகழுவிட்டாங்க. 'உங்க குடும்பச் சண்டைல நாங்க வாய் வைக்க மாட்டோம், நாளைக்கு நீங்க கூடிக்கிடுவீங்க, நாங்க கெட்டவனாயிருவோம்'னுட்டாங்க. பாருங்க, கூடிக்கிடுவோமாம். முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு.

சரி, அந்தக் கதைக்கு வாரேன்.

கொழும்புல இருந்து திரும்புற நடை. பெரிய வியாழனுக்கு முன்னாலயே கரை பிடிச்சிரலாம்னு கிளம்புனோம். நடுக்கடல்ல காத்து செத்துப்போச்சு. பாய் தொங்குது, தோணி நின்ன எடத்துலயே ஆடுது. கரை கண்ணுல பட்டதே பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்குத்தான். ஆண்டவர் சிலுவைல தொங்குற நாள்ல தொழில்ல நிக்கிறோம்னு எல்லாருக்கும் மனசு ஒரு மாதிரி. எல்லாரும் உபவாசம். தொம்மைக்கு உபவாசம் மட்டும் போதாதாம். அவனுக்குப் பழைய நேர்ச்சை ஒண்ணு. வருசா வருசம் பெரிய வெள்ளி அன்னைக்கு, ஆண்டவர் உசுரு விட்ட மூணு மணி வரைக்கும் வாயத் தெறக்க மாட்டான். மவுனம்.

கவனிச்சீங்களா? தோணில பேசுறதுக்குன்னு இருக்கிற ஒரே வாயி, அது அன்னைக்கு லீவு.

காலைல அதனால ஒரு குறையும் தெரியல. கொண்டல் நல்லா அடிக்குது. கொண்டல்னா கெழக்குக் காத்து, கரைக்கு வாரவனுக்குத் தாய் மாதிரி, பின்னால இருந்து தள்ளிக்கிட்டே வரும். பெரிய பாய இடப்பக்கம் முழுசா விரிச்சு விட்டாச்சு. தீவு தெரியுது, தீவுக்கு அப்புறம் ஊரு தெரியுது. கோயில்ல மூணு மணி ஆராதனைக்கே போயிரலாம்னு கலாசிங்க கைகால் கழுவ ஆரம்பிச்சிட்டாங்க.

அந்தத் தீவுக்கு வெளிய ஒரு பார் கிடக்கு. பார்னா தண்ணிக்குள்ள கிடக்குற பாறை. தோணி அதுல ஏறுச்சுன்னா அடிப்பலகை அப்பளம்தான். எங்களுக்கு அது இடப்பக்கம். ஆனா சுக்கான்ல நிக்கிற எனக்கு இடப்பக்கம் என்ன தெரியும்? விரிச்ச பாய்தான் தெரியும். அதனாலதான் தண்டல் முன்னால நின்னு, தண்ணி எங்க வெளுக்குது எங்க கறுக்குதுன்னு பாத்துச் சொல்லணும். அவரும் குனிஞ்சு தண்ணியத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு வேலைய அவரு செஞ்சாரு, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். நான் நியாயமான ஆளு.

எனக்குப் பிடரில குளுகுளுன்னு இருந்துச்சு பாருங்க காத்து, அது டக்குனு நின்னுச்சு. பாய் ஒரு தடவை தொப்புனு விழுந்து எந்திரிச்சுது. நிமிந்து பாத்தா வடமேக்க வானம் அடுப்புச்சட்டி அடி மாதிரி கறுத்து வருது. சித்திரை மாசத்துல கோடை மழைக்கு முன்னால கரைல இருந்து ஒரு காத்து பாயும். சொல்லாம கொள்ளாம வரும். பின்னால இருந்து தள்ளுற காத்துக்கு விரிச்சு வச்ச பாய் மேல, முன்னால இருந்து அது வந்து மோதுச்சுன்னா மரம் ஒடியும், இல்ல தோணி கவுறும். எது முதல்லங்கறதுதான் சந்தேகம்.

பாய இறக்கச் சொல்லணும். தண்டல் சொன்னாத்தான் கலாசி இறக்குவான். தண்டலுக்கு யாரு சொல்லணும்? நான். ஒரு வார்த்தை. 'காத்து மாறுது'. அவ்வளவுதான்.

நான் ஏன் தம்பி சொல்லணும்? புதுநன்மைக்கு அழைக்கும்போது அவருக்கு வாய் இருந்துச்சா?

தொம்மையக் கூப்பிட்டேன். 'காத்து மாறுது, பாய இறக்கணும், போய்ச் சொல்லு'ன்னேன். அவன் வாயில விரல வச்சுக் காட்டுதான். மவுனமாம். 'அப்போ கையால காட்டு, போ'ன்னேன். ஓடுனான். முன்னால போய் நின்னு, ரெண்டு கன்னத்தையும் உப்ப வச்சு, உஃப் உஃப்னு ஊதிக் காட்டுதான். காத்தாம் அது. கஸ்பாரு நிமிந்து பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'உபவாசத்து அன்னைக்கு அடுப்பு ஊதி என்னல சமைக்கப் போற?'ன்னாரு. பின்னால நின்ன எனக்கே கேட்டுச்சு. இந்த மனுசன நம்பி கடலுக்கு வாரேன் பாருங்க!

இதுக்குள்ள அவரு தண்ணில பாத்திருக்காரு, பார் கிட்ட வந்திருச்சு. வலத்த ஒதுங்கணும். அவரு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னையப் பாத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? தொம்மை காதுக்குள்ளதான் சொன்னாரு. என்ன திமிருன்னு பாருங்க! உசுரு போற நேரத்துலயும் ஒரு மனுசனுக்கு இம்புட்டு வீம்பு ஆகுமா? எனக்கு வீம்பு பிடிச்சவங்களக் கண்டாலே ஆகாது.

தொம்மை பின்னால ஓடி வாரான். எம் முன்னால வந்து நின்னு வலது கைய நீட்டிக் காட்டுதான். நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. அவன் என்னையப் பாத்து நிக்கான். அவனுக்கு வலது கை, எனக்கு அது எந்தப் பக்கம்? இடப்பக்கம்! 'உன் வலமா, என் வலமாடா?'ன்னு கேட்டேன். அவன் யோசிச்சுட்டு இடது கையையும் நீட்டுதான். இப்போ ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு நிக்கான், சிலுவைல தொங்குற மாதிரி. பெரிய வெள்ளிக்குப் பொருத்தம்தான், சுக்கானுக்கு என்ன பிரயோசனம்?

அதுக்குள்ள அடிச்சுது.

மூஞ்சில அறைஞ்ச மாதிரி வந்துச்சு. பாய் அப்படியே திரும்பி மரத்தோட ஒட்டிக்கிச்சு. தோணி நின்னு, குலுங்கி, பின்னால போகுது. பாய் கட்டியிருந்த பெரிய கழி வலப்பக்கம் ஒரு வீச்சு வீசிட்டு, அதே வேகத்துல இடப்பக்கம் திரும்பி வந்துச்சு பாருங்க. கலாசிங்க படுத்துட்டாங்க. குனிஞ்சு தண்ணியப் பாத்துக்கிட்டிருந்த கஸ்பாரு, நிமிந்தாரு. நிமிந்த மனுசன் தோணில இல்ல.

கயித்தைப் பிடிச்சுத் தொங்குறாரு. இடுப்புக்குக் கீழ தண்ணி. விழுந்தது இடப்பக்கம், அந்தப் பக்கம்தான் பார். அலை பின்வாங்கும்போது பாறை பல்லைக் காட்டுது.

எங்க அக்கா அப்போ ரெண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தா. அவ மூஞ்சி எதுக்கு அப்போ எங்கண்ணு முன்னால வரணும்? வந்துச்சு.

இப்போ கவனமாக் கேளுங்க, இதுதான் முக்கியம். அந்த நேரத்துல எங்காதுல விழுந்தது, 'மாப்ளே! ஒங் கை வலத்த திருப்புல!'. அவரு குரல்தான். தண்ணிக்குள்ள இருந்து வருது. திருப்புனேன். என் பலம் முழுக்க சுக்கான் மேல போட்டுத் திருப்புனேன். தோணி மூக்கு காத்துக்கு நேரா திரும்புச்சு, பாய் காத்தை உதறுச்சு, கலாசிங்க தடதடன்னு பாய இறக்கி நங்கூரத்தைப் போட்டாங்க. பாருக்கும் தோணிக்கும் நடுவுல ஒரு தோணி நிக்கத்தான் எடம் இருந்துச்சு. கஸ்பார மேல இழுத்துப் போட்டாங்க. முதல்ல கயித்தைப் பிடிச்சு இழுத்தது யாரு, தொம்மைதான். தண்டல் சாகக் கிடக்காரு, அப்பவும் அந்தப் பய வாயத் தெறக்கல. மூணு மணி ஆன பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'கஞ்சி வைக்கட்டுமா?'

அவ்வளவுதான் நடந்தது. முதல்ல பேசுனது அவருதான். வெயில் மாதிரி தெளிவா இருக்குல்ல?

ஆனா ஊரு என்ன பேசுச்சு? அவரு விழுந்ததுமே நான் சுக்கான விட்டுட்டு 'மச்சான்! மச்சான்! மச்சான்!'னு தலையில அடிச்சுக்கிட்டு அலறுனேனாம். அதைக் கேட்டுட்டுத்தான் அவரு, 'சுக்கானப் பிடில மாப்ளே'ன்னு கத்துனாராம். கலாசிங்க கள்ளுக்கடைல நடிச்சே காட்டுனாங்க. முன்னால நின்னவன் அப்படிச் சொல்லுதான், பின்னால நின்னவனும் அப்படியே சொல்லுதான். எல்லாரும் சேந்துக்கிட்டாங்க.

சரி, கத்துனேன்னே வைங்க. வாய்ல வந்திருக்கும். அது பேச்சா? பயத்துல 'அம்மா'ன்னு கத்துறவன் அம்மாகிட்டயா பேசுறான்? 'மாதாவே'ங்கிறவன் மாதாகிட்ட என்ன குசலமா விசாரிக்கான்? அது ஒரு சத்தம். மச்சான்னு ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். கண்ணுல தண்ணி வந்துச்சும்பாங்க. உப்புத்தண்ணி தெறிச்சா வராதா?

தொம்மை நடுவுல நின்னான்ல, அவனுக்குத் தெரியும். அவனத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். 'சந்தேகமே வேண்டாம், முதல்ல பேசுனது தண்டல்தான்'னு சத்தியம் பண்ணுனான். அதே தொம்மை, அவருகிட்ட போய் 'முதல்ல பேசுனது இஞ்ஞாசிதான்'னு சத்தியம் பண்ணியிருக்கான்! பாத்தீங்களா அவன் யோக்கியதைய? அவருகிட்ட பொய் சொல்லியிருக்கான். எங்கிட்ட சொன்னதுதான் உண்மை. அவன் செத்தும் பல வருசம் ஆச்சு, இனிமே கேக்கவும் முடியாது.

அப்புறம் என்ன? முதல்ல பேசுனவங்கதான முதல்ல வீட்டுக்கு வரணும். ஈஸ்டர் அன்னைக்கு நான் புதுச்சட்டை போட்டுட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன், வருவாரு வருவாருன்னு. பக்கத்துத் தெருவுல அவரும் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாராம். பொழுது சாஞ்சுது. ரெண்டு பேரும் நாற்காலிய உள்ள எடுத்து வச்சோம்.

அதுக்கப்புறம் தொம்மை வேலைய அக்கா எடுத்துக்கிட்டா. பிலோமி கல்யாணத்துல, தாய்மாமன் நான், மோதிரம் போட்டேன், எல்லாம் செஞ்சேன். கஸ்பாரு என் தோள் இடிக்கிற தூரத்துல நிக்காரு. நான், 'அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சுன்னு ஒம் புருசன்கிட்ட சொல்லு'ம்பேன். அவரு, 'வந்தவங்கள உக்கார வைக்கச் சொல்லு ஒந் தம்பிய'ம்பாரு. அவ நடுவுல நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லுவா. இந்த வயசுலயும் அவளுக்குக் குரல் கணீர்னு இருக்குன்னா, நாங்க ரெண்டு பேரும் குடுத்த பழக்கம்தான். ஒருநாளாவது அதுக்கு எங்களுக்கு நன்றி சொல்லியிருப்பாளா?

நேத்து அவதான் போன் பண்ணுனா. 'ஒன்னைய வரச் சொல்லுதாரு'ன்னா. பாத்தீங்களா, இப்பவும் ஆள் விட்டுத்தான்! பொண்டாட்டிய விட்டுக் கூப்பிட்டா நான் போயிருவேனா? நான் போற ஆளா? காலைல முதல் பஸ்சு நிக்காம போயிட்டான், அதனாலதான் இந்தப் பஸ்சு.

இது எந்த ஊரு? அருப்புக்கோட்டையா? ஆமா, மணி அடிக்கிறது என் போன்தான். இந்தப் பையில, இல்ல, சட்டைப் பையில. அக்காதான். ஹலோ. ஆங், அருப்புக்கோட்டை தாண்டல. என்னக்கா? ஏன் அழுற? நாளைக்குன்னுதான சொன்ன? இன்னைக்கேவா? இப்பவேவா? ஏன், என்ன அவசரம் அவங்களுக்கு? நான் வாரதுக்குள்ளயா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுக்கா. டாக்டர்கிட்ட சொல்லுக்கா, மச்சினன் வந்துக்கிட்டிருக்கான்னு. ஆப்பரேசனுக்குத் தள்ளிட்டுப் போற வண்டில படுக்க வச்சாச்சா?

போன யாருகிட்ட குடுக்க? ஏ, அவருகிட்டயா? அக்கா, அக்கா...

தம்பி, நீங்க பிடிங்க. அட பிடிங்க தம்பி. அந்தப் பக்கம் அவருதான். மூச்சு விடுற சத்தம் கேக்குது, பேச மாட்டேங்காரு. முதல்ல பேசிரக் கூடாதுல்ல. வண்டில படுத்துக்கிட்டும் வீம்பு. சொல்லுங்க, 'இஞ்ஞாசி வந்துக்கிட்டிருக்கான்'னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? என்ன சொல்லுதாரு? 'எங்க வந்துட்டான்னு கேளுங்க'வா? 'அருப்புக்கோட்டை, மக்ரூன் வாங்கிட்டு வாரான்'னு சொல்லுங்க. 'பயப்பட வேண்டாம்'னு சொல்லுங்க. ம்? இப்போ என்ன சொல்லுதாரு?

என்ன தம்பி, தலைய ஆட்டுதீங்க? போன ஏன் எங்கிட்ட நீட்டுதீங்க? வாயத் தெறந்து சொல்லுங்க தம்பி. இன்னைக்கு என்ன பெரிய வெள்ளியா? நீங்களும் மவுனமா?

குடுங்க.

...

மச்சான்.

மச்சான், நான்தான். இஞ்ஞாசி. ஆமா, நான்தான் பேசுதேன். கேக்குதா? வாரேன் மச்சான், வந்துக்கிட்டே இருக்கேன், பஸ்சு உருட்டுறான். மச்சான், ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நான்தான் மச்சான் முதல்ல பேசுனேன். ஆமா. நீங்க விழுந்ததுமே கத்திட்டேன். நான்தான். பக்கத்துல நர்சம்மா இருந்தா கேட்டுக்கிடச் சொல்லுங்க.

என்ன? என்னது? நீங்களா? நீங்க எங்க மச்சான் முதல்ல பேசுனீங்க? விழறதுக்கு முன்னாலயே என்னையக் கூப்பிட்டீங்களா? எப்போ கூப்பிட்டீங்க? பொய் சொல்லாதீங்க மச்சான், ஆப்பரேசனுக்குப் போற நேரத்துல! நான்தான் முதல்ல. இல்ல, நான்தான்ங்கேன்! என்ன சொல்லுதீங்க? சத்தமாச் சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, வச்சிராதீங்க மச்சான், எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க...

தம்பி, அந்த ஜன்னல மூடுங்க. காத்து இரைச்சல்ல அவரு பேசுறது எனக்குக் கேக்கல.